ஆண்டு அச்சிட்ட புட்டியும் பெயரில்லாத கலயமும்

புத்தாண்டு இரவு. புதுச்சேரியின் பழைய வெள்ளை நகரத் தெரு ஒன்றில், ஒரு மொட்டை மாடி. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். எல்லாரும் நம் ஆட்கள்தான். போராட்டங்களிலும் வாசகர் வட்டங்களிலும் பார்த்துப் பழகிய முகங்கள். கீழே அறைச் சுவரில் அம்பேத்கரும் பெரியாரும் இருந்தார்கள். கேப்டவுனில் சமத்துவமின்மை குறித்த ஒரு கருத்தரங்குக்குப் போய்த் திரும்பியிருந்த தோழர், பையிலிருந்து ஒரு புட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார். கனமான புட்டி, கழுத்தில் கம்பி கட்டிய தக்கை, முகப்பில் அறுவடை ஆண்டு.

அடுத்த பத்து நிமிடம் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம். அது சும்மா ஒயின் இல்லையாம், நுரைக்கும் ஒயின். அதிலும் வின்டேஜ், அதாவது ஒரே ஆண்டின் அறுவடை. குளிர்ந்த கடற்காற்று படும் மலைச்சரிவில் விளைந்த திராட்சை. மண், காற்று, மூடுபனி, எல்லாம் அந்தக் கோப்பைக்குள் இருக்கிறதாம். வகுப்பில் பாடம் கேட்பதுபோல் எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். "தோழர், நீங்க பாகூர் பக்கம்தானே? உங்க ஊர்ல கள்ளுக்கடையும் சாராயக்கடையும்தானே ஃபேமஸ்!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குடிப்பது சரியா தவறா என்பதல்ல என் கேள்வி. ஒரே மேசையில் ஒரு பானம் "பண்பாடு" ஆகவும், இன்னொன்று "அந்த ஊர்ப் பழக்கம்" ஆகவும் மாறுவது எப்படி? பானத்தின் தரத்தால் என்று நீங்கள் நினைத்தால் அது பொய். அந்தப் பானத்தைத் தொட்ட கைகளின் சாதியாலும், அந்தக் கைகளுக்கு நிலம் இருந்ததா இல்லையா என்பதாலும்தான்.

புட்டிக்குள் என்ன இருக்கிறது?

அந்தப் புட்டிக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட்டே பேசுவோம். நுரைக்கும் ஒயினுக்கு அதிகம் பழுக்காத, புளிப்பு குறையாத திராட்சை வேண்டும். வெயில் கொளுத்தும் இடத்தில் சர்க்கரை ஏறி, புளிப்பு இறங்கிவிடும். குளிர்ந்த நீரோட்டம் ஓடும் கடற்கரைகளில் காய் மெதுவாகப் பழுக்கும். தென்னாப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஓடும் பெங்குவெலா நீரோட்டம் அந்த வேலையைத்தான் செய்கிறது. அந்தத் திராட்சையை முதலில் சாதாரண ஒயினாகப் புளிக்க வைக்கிறார்கள். பிறகு புட்டியில் அடைத்து, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடுகிறார்கள். உள்ளேயே இரண்டாவது முறை புளிக்கிறது. வெளியேற வழியில்லாத வாயு ஒயினில் கரைந்து, ஐந்தாறு வளிமண்டல அழுத்தத்தில் காத்துக் கிடக்கிறது. தக்கையைத் திறந்ததும் நுரைத்து எழுவது அதுதான்.

பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியில் இதற்குக் கறாரான விதி உண்டு. பல ஆண்டுகளின் ஒயினைக் கலந்து செய்வது குறைந்தது 15 மாதம் கிடந்தாக வேண்டும். ஆண்டு அச்சிட்டு விற்பது புட்டியில் அடைத்தபின் குறைந்தது 3 ஆண்டு கிடக்க வேண்டும். திராட்சையைக் கையால்தான் பறிக்க வேண்டும், இயந்திரம் கூடாது. பொறுமையும் உழைப்பும் தேவைப்படும் தொழில்தான், மறுப்பில்லை.

இப்போது பாகூருக்கு வாருங்கள். விடியும் முன்னால் ஒருவர் மரம் ஏறுகிறார். காலில் தளைநார், இடுப்பில் பாளை அரிவாள். பாளையைக் கட்டி, தட்டிப் பதப்படுத்தி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். மாலையில் மறுபடி ஏறுகிறார். ஒரு நாள் சீவாமல் விட்டால் பாளை வறண்டுவிடும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். காற்றில் இருக்கும் ஈஸ்ட்டே அதைப் புளிக்க வைக்கிறது, யாரும் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. ஒயினைப் புளிக்க வைக்கும் அதே சாக்கரோமைசிஸ் இனம்தான் கள்ளிலும் முக்கியமாக வேலை செய்கிறது. நுரை அங்கும் உண்டு, இங்கும் உண்டு. போதைச் சத்து அங்கே நூற்றுக்குப் பன்னிரண்டு. இங்கே, அன்றிறக்கிய கள்ளில், நாலைந்து. டாஸ்மாக் பிராந்தியில் நாற்பதுக்கு மேல்.

அந்தப் புட்டியில் மண்ணும் காற்றும் இருக்கிறது என்றால், இந்தக் கலயத்தில் என்ன இருக்கிறது? தென்பெண்ணைக் கரை மண் இல்லையா? வங்கக் கடல் காற்று இல்லையா? அங்கே ஆண்டுக்கு ஆண்டு ருசி மாறும் என்பார்கள். இங்கே காலைக்கும் மாலைக்குமே ருசி மாறும். மரத்துக்கு மரம் மாறும். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள். அந்த அறிவை அங்கே "நாக்கின் நுணுக்கம்" என்கிறோம். இங்கே "குடிகாரப் பேச்சு" என்கிறோம்.

அந்தக் கடலோரத்தில் கூலி எப்படி கொடுத்தார்கள் தெரியுமா?

கேப்டவுன் தோழர் மண்ணைப் பற்றிச் சொன்னார், காற்றைப் பற்றிச் சொன்னார். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தத் திராட்சைத் தோட்டங்களில் வேலை செய்தவர்களுக்குக் கூலியின் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுத்தார்கள். "டோப்" முறை என்று அதற்குப் பெயர். டச்சுக் குடியேற்றக் காலத்து அடிமை முறையிலிருந்து வந்தது. காலையில் ஒரு குவளை, வேலைக்கு நடுவே ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. நல்ல ஒயின் ஐரோப்பாவுக்குப் போகும். மிச்ச மீதி மலிவுச் சரக்கு கூலியாக வரும். அடிமைகளின் பிள்ளைகளும், மண்ணின் பூர்வகுடிகளான கோய், சான் மக்களின் பிள்ளைகளும் தலைமுறை தலைமுறையாக அதைக் குடித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் சட்டம் அதைத் தடை செய்தது. ஆனாலும் 1990கள் வரை பல தோட்டங்களில் அது நடந்தது. கருவிலேயே மதுவால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைகளின் விகிதம் உலகிலேயே மிக அதிகமாகப் பதிவான இடங்களில் மேற்கு கேப் மாகாணமும் ஒன்று.

ஷாம்பெய்ன் முறையில் செய்த தென்னாப்பிரிக்காவின் முதல் நுரை ஒயின் 1971ஆம் ஆண்டு அறுவடையிலிருந்து வந்தது. 1971 என்றால் நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். அந்தத் திராட்சையைப் பறித்த கைகளுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடையாது. புட்டியில் ஆண்டு அச்சிடுகிறார்கள். அந்த ஆண்டு அங்கே என்ன நடந்தது என்பதை அச்சிடுவதில்லை.

நிறவெறி போனபின் எல்லாம் மாறிவிட்டதா? 2012இல் மேற்கு கேப்பின் டி டூர்ன்ஸ் திராட்சைத் தோட்டத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 69 ரேண்ட். அவர்கள் கேட்டது 150. போராட்டம் மாகாணமெங்கும் பரவிய பிறகு, 2013 மார்ச்சில் கிடைத்தது 105.

பிரான்ஸ் மட்டும் யோக்கியமா? 2023 செப்டம்பர் அறுவடையில், கடும் வெயிலில், ஷாம்பெய்ன் பகுதியில் திராட்சை பறித்தவர்களில் குறைந்தது 4 பேர் இறந்தார்கள். அதே அறுவடையில் நெல்-லெ-ரெபோன் என்ற கிராமத்தில் 50க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் பாழடைந்த இடத்தில் அடைத்து வைக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பெரும்பாலானோர் மேற்கு ஆப்பிரிக்கர்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதை மனிதக் கடத்தல் என்றே தீர்ப்பளித்து, மூவரைக் குற்றவாளிகள் என்றது. உலகமே கொண்டாட்டத்துக்குத் திறக்கும் புட்டி அது.

இதையெல்லாம் படித்துவிட்டு "அங்கேயுமா?" என்று உச்சுக்கொட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். நம் ஊரிலும் டோப் முறை உண்டு. சாவு விழுந்த வீட்டுக்குப் பறையடிக்க யாரை அழைக்கிறார்கள்? கூலியாக என்ன கொடுக்கிறார்கள்? கொஞ்சம் காசும் ஒரு பாட்டில் சாராயமும். சாதி விதித்த வேலைக்கு, மறுக்க முடியாத வேலைக்கு, போதையில் கூலி. பிறகு ஊர்த் தெருவில் உட்கார்ந்துகொண்டு அதே வாயால் சொல்வார்கள்: "சேரிக்காரன் குடிச்சே அழிஞ்சான்." கொடுத்தது யார் என்று கேட்டால் அந்த வாய் மூடிக்கொள்ளும்.

பெயர் வானத்திலிருந்து விழவில்லை

"ஷாம்பெய்ன்" என்ற பெயரை வேறு யாரும் வைக்கக் கூடாது. தென்னாப்பிரிக்கர்கள்கூட 1992இல் "கேப் கிளாசிக்" என்று தனிப்பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்தியாவிலும் "ஷாம்பெய்ன்" புவிசார் குறியீடாகப் பதிவாகியிருக்கிறது. இந்தப் பெயர் உரிமை மண்ணின் மகிமையால் தானாக வந்ததல்ல, சண்டை போட்டு வந்தது. 1911இல் ஷாம்பெய்ன் பகுதி பற்றியெரிந்தது. வெளியூர்த் திராட்சையைக் கொண்டுவந்து கலந்து, உள்ளூர் விவசாயியின் விலையை அடித்த வணிகர்களின் கிடங்குகளை விவசாயிகள் உடைத்தார்கள். ஆய் என்ற ஊரில் ஒயின் தெருவில் ஓடியது. அரசு படையை இறக்கியது. எல்லைக்கு வெளியே தள்ளப்பட்ட ஓப் பகுதி விவசாயிகள் தங்களையும் சேர்க்கச் சொல்லித் தனியே போராடினார்கள். 1927இல் எல்லை சட்டமாக முடிவானது. இன்று நீங்கள் மரியாதையோடு படிக்கும் அந்த லேபிளுக்குப் பின்னால் இருப்பது ஒரு விவசாயக் கலகம்.

ஆக, ஒரு பானத்துக்குப் பெயரும் மதிப்பும் கிடைப்பது அரசியலால். இதை மனதில் வைத்துக்கொண்டு நம் நாட்டைப் பாருங்கள். மகாராஷ்டிராவில் 2001இல் ஒயினுக்கெனத் தனிக் கொள்கை வந்தது, வரிச்சலுகை வந்தது. 2022 ஜனவரியில் பல்பொருள் அங்காடிகளிலேயே ஒயின் விற்கலாம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. எதிர்ப்பு வந்து அது நின்றுபோனது வேறு கதை. சொல்லப்பட்ட நியாயம் என்ன? விவசாயிகளின் நலன். நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. கோவாவின் முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் "நாட்டுச் சாராயம்" என்ற பட்டியலிலிருந்தே அதை எடுத்து, மரபுப் பானம் ஆக்கினார்கள்.

தமிழ்நாட்டில்? 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவது குற்றம். அதே அரசு 2003இலிருந்து டாஸ்மாக் கடைகளில் நேரடியாகச் சில்லறை விற்பனை செய்கிறது. உடன்குடி பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது, மகிழ்ச்சி. அதே பனை, அதே பாளை, அதே கை. கலயத்தில் சுண்ணாம்பு இருந்தால் குறியீடு. சுண்ணாம்பு இல்லாவிட்டால் வழக்கு.

ஏன் இந்த வேறுபாடு? திராட்சை, நிலம் வைத்திருப்பவரின் பயிர். கள், பெரும்பாலும் நிலமில்லாதவரின் உழைப்பு. மரம் ஒருவருடையது, ஏறுபவர் இன்னொருவர். நிலம் உள்ளவரின் பானம் "விவசாயம்" ஆகிறது. நிலமற்றவரின் பானம் "ஒழுக்கக்கேடு" ஆகிறது.

மரத்தின் மேல் எழுதிய சாதி

இது நேற்று வந்ததல்ல. பாகூர் என்றதும் வரலாற்று மாணவர்களுக்கு நினைவு வருவது பாகூர்ச் செப்பேடு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மப் பல்லவன் காலத்தில், மூன்று ஊர்களை இங்கிருந்த வேதக் கல்விச் சாலைக்குக் கொடையாகக் கொடுத்த ஆவணம். ஊரின் விளைச்சல் யாருடைய படிப்புக்குப் போனது, யாருடைய உழைப்பிலிருந்து போனது என்று கேட்டுப் பாருங்கள். பல்லவர் காலத்தில் கள் இறக்குவோர்மீது "ஈழம்பூட்சி" என்றொரு வரியே இருந்தது. சோழர் காலக் கொடைச் செப்பேடுகள் பலவற்றில் ஒரு நிபந்தனை வரும்: கொடையாகக் கொடுத்த ஊரில் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக் கூடாது. மரம் ஏறுவது ஒருவருடைய தொழில் என்று சாதி விதித்தது. எந்த மரத்தில் ஏறக் கூடாது என்பதையும் அதே சாதிதான் எழுதி வைத்தது.

பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். நகரத்தை வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை, அந்தப் பக்கம் கறுப்பு என்று பிரித்தார்கள். கப்பலில் ஒயின் வந்தது. கிராமத்துக் கள்ளும் சாராயமும் குத்தகை வருமானம் ஆயின. அவர்கள் போன பிறகும் அந்தக் குத்தகை மனம் போகவில்லை. இன்றும் புதுச்சேரியில் சாராயக்கடையையும் கள்ளுக்கடையையும் கலால் துறை ஏலம் விடுகிறது. வில்லியனூரை அடுத்த ஆரியபாளையத்தில் அரசின் வடிசாலையே இருக்கிறது. கடையை ஏலம் எடுப்பது பணம் உள்ளவர். மரம் ஏறுபவருக்கு அந்த ஏலத்தில் இடமில்லை. மேலே போனால் கலயம், கீழே விழுந்தால் முதுகெலும்பு, அவ்வளவுதான் அவர் கணக்கு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மரம் ஏறும் சாதிகளும் சேரியும் ஒன்றல்ல. பனையேறி என்று இழிவுபடுத்தப்பட்டவர்களே தங்களுக்குக் கீழே ஒருவரை நிறுத்தி வைத்துத் தீண்டாமை பார்த்தார்கள். ஊருக்கு ஒரு குவளை, சேரிக்குக் கொட்டாங்குச்சி என்ற வழக்கம் நம் கிராமங்களில் இருந்தது. அம்பேத்கர் சொன்ன படிநிலைச் சமத்துவமின்மை என்பது இதுதான். எல்லாருக்கும் மிதிக்க ஒரு தலை கிடைக்கும். ஆகவே கள்ளை "தமிழர் பானம்" என்று ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுப் போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எந்தத் தமிழர், எந்தக் குவளையில் குடித்தார் என்று கேட்காத பெருமை, சாதிப் பெருமைதான்.

"அப்படியானால் குடிக்கச் சொல்கிறாயா?"

கேள்வி வரும் என்று தெரியும். வர வேண்டிய கேள்விதான். சாதி ஒழிப்பு மரபில் மதுவை எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. கள் தொழிலே சாதி அடையாளமாக இருந்த ஈழவர்களிடம், கள் விஷம், அதை இறக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், குடிக்கவும் வேண்டாம் என்றார் நாராயண குரு. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் நின்றார்கள். பெரியார் தன் தோப்பின் தென்னை மரங்களை வெட்டினார். ஆனால் அதே பெரியார் பிற்காலத்தில் மதுவிலக்குச் சட்டத்தைக் கடுமையாக எதிர்த்தார். 1951இல் அம்பேத்கரின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு வெளியிட்ட தேர்தல் அறிக்கையும் மதுவிலக்கை ஏற்கவில்லை. அரசுக்கு வர வேண்டிய வருவாய் அதனால் பாழாகிறது என்றது. நம் முன்னோடிகள் இதில் ஒரே வாய்ப்பாட்டை ஒப்பிக்கவில்லை. குடியால் சாகிறவர் யார், தடையால் சாகிறவர் யார் என்று காலத்துக்குக் காலம் பார்த்தார்கள். நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும்.

பார்த்தால் என்ன தெரிகிறது? 2023 மே மாதம், புதுச்சேரியிலிருந்து அதிக தூரமில்லாத மரக்காணம் பக்கத்து எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவர்கள் இறந்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கருணாபுரத்தில் தெருவெங்கும் பிணம் கிடந்தது. இறந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் அன்றாடக் கூலிகளும். மெத்தனால், மேசைமேல் வைத்த ஆண்டு அச்சிட்ட புட்டிக்குள் வந்து விழுவதில்லை. சட்டமும் விலையும் ஏழையை எந்த மூலைக்குத் தள்ளுகிறதோ, அந்த மூலையில்தான் அது காத்திருக்கிறது.

பெண்கள் சாராயத்தை எதிர்க்கிறார்கள். அவர்களுடைய எதிர்ப்பு, ஒழுக்கம் போதிக்கும் மேல்சாதி எதிர்ப்பு அல்ல. கூலிக்காசு வீடு வந்து சேராததை, அடியை, பட்டினியை எதிர்க்கிறார்கள். 1992இல் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா கிராமத்து ரோசம்மாவும் மற்ற பெண்களும் சாராயக்கடையை மூட வைத்தார்கள். அந்தத் தீ மாநிலமெங்கும் பரவி, 1993 அக்டோபரில் அரசே சாராயத்தைத் தடை செய்தது. வில்லியனூரில், பாகூரில் ஒரு பெண் தன் தெருமுனைக் கடையை எதிர்க்க நினைத்தால் எங்கே போவாள்? கொம்யூன் பஞ்சாயத்துக்கா? புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968இல் நடந்தது, பிறகு 2006இல் நடந்தது. 2011இல் அவர்களின் பதவிக்காலம் முடிந்தது. அதன்பிறகு இதை எழுதும் நாள் வரை தேர்தல் இல்லை. கடைக்கு ஏலம் உண்டு. ஊருக்குத் தேர்தல் கிடையாது. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் ஒதுக்கீடு உள்ள நாற்காலிகள் பத்தாண்டுக்கு மேலாகக் காலியாகக் கிடக்கின்றன. இதைவிடப் பெரிய போதை எது?

மரபு என்று சொல்லி விற்க வருவார்கள்

இனி வரப்போகும் ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன். கள்ளுக்கு ஒரு நாள் நல்ல காலம் வரும். ஃபெனிக்கு வந்ததுபோல் வரும். அப்போது யாரோ ஒருவர் அதைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து, பனைமரப் படம் போட்டு, "கைவினைக் கள்" என்று கடற்கரை விடுதிகளில் விற்பார். லேபிளில் மண்ணைப் பற்றி எழுதுவார்கள், காற்றைப் பற்றி எழுதுவார்கள். அந்த மொட்டை மாடியிலும் அது வந்து உட்காரும். தோழர்கள் ருசி பார்த்துவிட்டு "நம்ம மண்ணோட பானம்" என்பார்கள். ஏறியவரின் காலில் அதே தளைநார் இருக்கும், கையில் அதே கூலி இருக்கும்.

இழிவு இருந்தவரை உழைப்பு அவர்களுடையது. பெருமை வந்ததும் பிராண்டு இவர்களுடையது. பறைக்கு இது நடந்தது. நாட்டுக்கோழிக்கும் கருவாட்டுக்கும் நடந்துகொண்டிருக்கிறது. கள்ளுக்கும் நடக்க விடக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்? முதலில், கடை ஏலத்தை விடுத்து, மரம் ஏறுகிறவர்களின் கூட்டுறவுக்கு உரிமம் கொடுங்கள். அந்தக் கூட்டுறவு எந்தச் சாதியாருக்கும் திறந்திருக்க வேண்டும். கேரளத்தில் கள் தொழிலாளருக்கென்று 1969இலேயே நலநிதிச் சட்டம் வந்துவிட்டது. அதுபோல விழுந்தால் இழப்பீடு, வயதானால் ஓய்வூதியம் தரும் சட்டம் புதுச்சேரிக்கும் வேண்டும். வில்லியனூர், பாகூர் உட்பட எல்லா கொம்யூன்களிலும் உடனே உள்ளாட்சித் தேர்தல் நடத்துங்கள். கடை எங்கே இருக்கலாம், இருக்கவே கூடாதா என்பதை அந்தத் தெருப் பெண்கள் உட்கார்ந்த சபை முடிவு செய்யட்டும். சாவுக்கும் திருவிழாவுக்கும் சாராயத்தைக் கூலியாகக் கொடுப்பதை ஒழியுங்கள். பறை அடிக்க வருபவர் கலைஞர், அவருக்குப் பேசிய சம்பளத்தைப் பணமாகக் கையில் கொடுங்கள். அடிக்க மாட்டேன் என்று அவர் சொன்னால் அதோடு விடுங்கள்.

இவையெல்லாம் அரசிடமும் ஊரிடமும் கேட்பவை. நம்மிடம் கேட்க ஒன்று இருக்கிறது. சாதி நம் நாக்கில் எங்கே ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். மாட்டுக்கறி விழாவில் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டோம், அதனால் நாக்கு சுத்தமாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். ஒரு ஊர்ப் பெயரைக் கேட்டதும் சாராயக்கடையை நினைத்துச் சிரிக்கிறதே, அந்த நாக்கை யார் சுத்தம் செய்வது? வெளிநாட்டுத் திராட்சையின் பெயர்களை உச்சரிப்புப் பிசகாமல் சொல்லப் பழகியவர்களுக்கு, பாளைக்கும் பன்னாடைக்கும் வேறுபாடு தெரியாது என்பது தற்செயல் இல்லை. எதைக் கற்றால் மதிப்பு, எதைக் கற்றால் இழிவு என்று நமக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று இரவு நான் சிரித்திருக்கக் கூடாது. கேட்டிருக்க வேண்டும்: தோழர், இந்தப் புட்டியில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஆண்டு இருக்கிறது, ஊர் இருக்கிறது, தோட்டத்துச் சொந்தக்காரர் குடும்பப் பெயர் இருக்கிறது. பறித்தவருக்கு அன்று என்ன கூலி என்று எங்கே எழுதியிருக்கிறது?

அடுத்த புத்தாண்டுக்கு அந்த மாடிக்குப் போவேன். அந்தக் கேள்வியோடு போவேன். என் ஊரைச் சொல்லி யாராவது சிரித்தால், பதில் சொல்லும் வரை அந்தத் தக்கையைத் திறக்க விடமாட்டேன்.